கீசர் பைப் ஒழுகுகிறதா? எங்கே என்பதற்கு முன் எப்போது என்று பாருங்கள்

கீசருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் நாம் முதலில் செய்வது ஸ்பேனரைத் தேடுவது. நானும் அப்படித்தான் செய்தேன். சுவரிலிருந்து வரும் பிளாஸ்டிக் பைப்பின் மரையில் லேசாக ஈரம் தெரிந்தது. இன்னும் அரைச்சுற்று இறுக்கினேன், நின்றுவிட்டது. மறுநாள் விடியற்காலை அதே மரையில் மயிரிழை போல ஒரு கீறல் விட்டு, குளியலறை முழுக்க வெந்நீர். ஒழுகல் எங்கே என்று பார்த்தேனே தவிர, எப்போது ஒழுகியது என்று கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அது இறுக்கித் தீர்க்கிற கோளாறு இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே இங்கே ஒவ்வொரு கோளாறையும் அது தலைகாட்டும் நேரத்தை வைத்தே பிரித்திருக்கிறேன். சாதாரண 15, 25 லிட்டர் மின்சார கீசரையும் சுவருக்குள் போகும் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) லைனையும் மனதில் வைத்து எழுதியது இது.

கை வைக்கும் முன்: கீசர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயின் போர்டில் அதற்குரிய எம்.சி.பி.யையும் (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறட்டும். வேலை முடிந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்றெல்லாம் வெளியேறித் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். காலி டேங்கில் போட்டால் சூடேற்றும் காயில் போய்விடும்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. எல்லா இணைப்பையும் துணியால் நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முகப்பவுடர் தூவிவிடுங்கள். தண்ணீர் மேலிருந்து வழிந்து கீழே உள்ள நட்டில் வந்து சொட்டும். நாம் நட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். பவுடரில் விழும் கோடு உண்மையான இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கீசரை அணைத்தபடி ஒரு மணி நேரம், சூடாகும்போது ஒரு முறை, ஆறிய பிறகு ஒரு முறை என்று மூன்று தடவை பாருங்கள்.

கீசர் போட்டாலும் அணைத்தாலும் ஒரே மாதிரி சொட்டுகிறது

இது சூட்டோடு சம்பந்தமில்லாத ஒழுகல், எளிதானது. சுவரில் ஆங்கிள் காக் என்னும் மூடுகுழாய், அதிலிருந்து கீசருக்குப் போகும் கனெக்‌ஷன் ஹோஸ், ஹோஸின் இரு முனையிலும் நட்டு. நட்டுக்குள் ஒரு வாஷர் இருக்கும். தண்ணீரை நிறுத்துவது அந்த வாஷர்தான், மரை அல்ல. பலரும் இங்கே டெஃப்ளான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறார்கள். டேப் தடித்துப்போய் நட்டு முழுதாக ஏறாது, வாஷரும் சரியாக அமராது, ஒழுகல் கூடும். டேப்பை உரித்துவிட்டுப் புது வாஷர் போடுங்கள். கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று போதும்.

ஆங்கிள் காக் சுவருக்குள் ஏறும் இடத்தில் ஈரம் என்றால் அங்கே டேப் வேண்டும். நம்மூரில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் 10, 12 சுற்று. மரையின் வாயை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும். இன்னொன்று: இறுக்கிய பிறகு காக் கோணலாக நிற்கிறதே என்று பின்னோக்கிக் கால் சுற்று திருப்பாதீர்கள். டேப் அங்கேயே அறுந்துவிடும். கழற்றி, இன்னும் இரண்டு சுற்று சேர்த்து, மறுபடி முறுக்குங்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஹோஸ். வெந்நீர்ப் பக்கத்துக்கு எஃகு வலை பின்னியது, அதுவும் வெந்நீருக்கென்றே விற்பது வேண்டும். வாஷ்பேசினுக்குப் போடும் மலிவான வெள்ளை பி.வி.சி. டியூபை மாட்டினால் கொஞ்ச நாளிலேயே இளகி நட்டிலிருந்து நழுவிவிடும்.

சூடாகும்போது மட்டும், சேஃப்டி வால்வின் சின்ன மூக்கிலிருந்து சொட்டுகிறது

இது கோளாறே இல்லை. கீசருக்குத் தண்ணீர் வரும் பக்கத்தில், அழுத்தம் கூடினால் திறப்பதற்கென்றே இருக்கும் வால்வு அது. தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 1.4 சதவீதம் விரிகிறது. 15 லிட்டர் கீசரில் அது 200 மி.லி., அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். குழாய்கள் மூடியிருந்தால் அந்த ஒரு டம்ளர் எங்கேயாவது போயாக வேண்டும். போகும் வழிதான் அந்த மூக்கு.

அதை எம்-சீல் வைத்து அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அழுத்தம் போக வழியில்லாவிட்டால் அது டேங்கையும் பிளாஸ்டிக் இணைப்பையும் தள்ளத் தொடங்கும். எது பலவீனமோ அது விடும். தரையில் சொட்டுவது பிடிக்கவில்லை என்றால் ஒரு சின்ன டியூபை மாட்டிக் கீழே விடுங்கள், முனை திறந்தே இருக்கட்டும். வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் எந்தக் காக்கும் வரக்கூடாது.

கீசர் அணைந்திருக்கும்போதும் நிற்காமல் ஒழுகினால்தான் கவலை. பிரஷர் பம்ப் இருக்கும் வீடு என்றால் முதலில் பம்பின் அழுத்தத்தைப் பாருங்கள். வழக்கமாக இந்த வால்வு 8 பாரில் திறப்பது. மாடித் தொட்டி மட்டும் என்றால் அந்தப் பக்கமே போகாது. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான் கணக்கு. அப்படியும் ஒழுகினால் வால்வுக்குள் மணலோ உப்புத் துகளோ மாட்டியிருக்கும். நெம்புகோல் உள்ள வால்வு என்றால் ஒரு தடவை தூக்கி விட்டால் தண்ணீர் பீய்ச்சி அழுக்கைத் தள்ளிவிடும். அதற்கும் நிற்காவிட்டால் வால்வை மாற்றிவிடுங்கள்.

சூட்டில் ஒழுகி ஆறினால் நிற்கிறது. அல்லது ஆறினால் ஒழுகி சூட்டில் நிற்கிறது

என்னைக் குளிப்பாட்டியது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சி.பி.வி.சி. பிளாஸ்டிக் சூட்டில் பித்தளையைவிட மூன்று மடங்குக்கும் மேல் விரியும். இரண்டும் மரையில் பின்னியிருக்கும் இடத்தில்தான் வினை. பிளாஸ்டிக்கின் மரை உட்பக்கம் இருந்து, அதற்குள் உலோக மரை ஏறியிருந்தால், சூட்டில் பிளாஸ்டிக் வெளிப்பக்கம் விரிந்து பிடி தளரும். சூட்டில் ஒழுகும், ஆறினால் நிற்கும். பிளாஸ்டிக்கின் மரை வெளிப்பக்கம் இருந்து உலோகத்துக்குள் ஏறியிருந்தால், சூட்டில் விரிய இடமில்லாமல் நசுங்கும். சில மாதங்களில் நசுங்கிய அளவிலேயே நின்றுவிடும். பிறகு ஆறும்போது சுருங்கி இடைவெளி விடும். ஆறியபோது ஒழுகும், சூட்டில் நிற்கும். ஒழுகும் நேரத்தை வைத்தே உள்ளே எந்த மரை இருக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடலாம்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வெந்நீர்ப் பாதையில் முழுப் பிளாஸ்டிக் மரையே இருக்கக்கூடாது. கடையில் பிராஸ் எம்.டி.ஏ. (வெளிமரை), பிராஸ் எஃப்.டி.ஏ. (உள்மரை) என்று கேளுங்கள். ஒரு பக்கம் சி.பி.வி.சி., அதில் பைப்பை ஒட்டலாம். மறுபக்கம் அச்சிலேயே பதித்து வார்த்த பித்தளை மரை. உலோகத்தோடு உலோகம் முறுகும், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்டும். சுவரில் கீசர் பாயிண்டுக்கு வைக்கும் எல்போவும் பித்தளை மரை வைத்ததாகவே இருக்கட்டும். சாதா பிளாஸ்டிக் ஃபிட்டிங் விலை குறைவு என்று ப்ளம்பர் சொன்னால், குளிர்ந்த தண்ணீர் பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உட்பக்க மரை கொண்ட பிளாஸ்டிக் ஃபிட்டிங் ஏற்கெனவே இருந்து ஒழுகினால் இறுக்கவே இறுக்காதீர்கள். உள்ளே ஏறும் மரை ஆப்பு போலக் கூம்பியிருந்தாலோ டேப் தடித்திருந்தாலோ ஒவ்வொரு சுற்றும் பிளாஸ்டிக்கைப் பிளக்கத்தான் பார்க்கும். இறுக்கிய அன்று நிற்கும். ராத்திரி முழுக்க இழுபட்டு விடிகாலையில் கீறல் விடும், பெரும்பாலும் கீசர் போடும் நேரத்தில்.

பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் காலத்து வழக்கமாக நூலும் பெயிண்டும் வைத்து மரை கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜி.ஐ.க்கு அது பிரமாதமான கைவேலை. சி.பி.வி.சி.யில் வேண்டாம். எண்ணெய் கலந்த பெயிண்டும் சில பேஸ்டுகளும் இந்தப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெடிக்க வைக்கும். டெஃப்ளான் டேப் மட்டும் போதும்.

கீசரின் மூக்கிலேயே நேராகச் சி.பி.வி.சி.யை மாட்டும் வேலையும் வேண்டாம். நடுவில் அரை அடியாவது உலோக நிப்பிளோ எஃகு வலை ஹோஸோ இருக்கட்டும். கேஸ் கீசர் என்றால் இது இன்னும் முக்கியம். அதன் உடம்பும் புகை வாயும் கொதிக்கும்.

வெந்நீர் பைப் வளைந்து தொங்குகிறது

வெளியே தெரியும்படி ஓட்டிய லைனில் இது நடக்கும். முதலில் பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் வரியைப் படியுங்கள். சி.பி.வி.சி. என்றும் ஐ.எஸ். 15778 என்றும் இருந்தால் சரி. யு.பி.வி.சி. (குளிர்ந்த தண்ணீருக்கான பைப்) என்றிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஒன்று பாலாடை நிறம், மற்றது பளிச்சென்ற வெள்ளை என்று கடைக்காரர் சொல்வார். நிறத்தை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

வீட்டு கீசர் பெரும்பாலும் 60 முதல் 75 டிகிரிக்குள் நிறுத்தும். 60 டிகிரியில் யு.பி.வி.சி.க்குத் தன் வலுவில் கால்பங்குகூட மிஞ்சாது. சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும் என்பார்கள். தாங்கும், ஆனால் அதே வலுவோடு அல்ல. எஸ்.டி.ஆர். 11 பைப் (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப் போல 11 மடங்கு) சாதாரண வெப்பத்தில் சுமார் 27 பார் தாங்குவது, 82 டிகிரியில் 7 பார் அளவுக்கு இறங்கிவிடும். தெர்மோஸ்டாட்டை 75-ல் வைத்துப் பாதி வாளி பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட, 55-ல் வைத்துக் குளித்தால் பைப்புக்கும் மின்கட்டணத்துக்கும் நல்லது.

பைப் சி.பி.வி.சி.தான், ஆனாலும் வில்லாக வளைகிறது என்றால் அது விரிய இடமில்லாமல் தவிக்கிறது. 3 மீட்டர் நீளம் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். இரு முனையையும் சிமென்டில் புதைத்து நடுவில் கிளாம்பை இறுக்கிவிட்டால் அந்த 8 மி.மீ. எங்கே போகும்? கிளாம்ப் பைப்பைத் தாங்க வேண்டும், நெரிக்கக்கூடாது. கிளாம்புகளை மூன்றடிக்கு ஒன்றாக வைத்து, நீண்ட ஓட்டத்தில் ஒரு எல்போ திருப்பம் விட்டால் போதும்.

மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தெர்மோஸ்டாட் அதற்குக் கிடையாது. நல்ல வெயிலில் இரண்டு நாள் யாரும் குளிக்காமல் ஊருக்குப் போனால் தண்ணீர் கொதிநிலையைத் தொடும். அந்தத் தொட்டியிலிருந்து கிளம்பும் முதல் சில அடிகளாவது உலோகமாக இருக்கட்டும்.

பைப் ஒட்டிய இடத்தில் கசிவு

மேலே சால்வெண்ட் பசையைப் பூசி மெழுகுவது வீண். ஒட்டும் பசை இடுக்கை அடைப்பதில்லை, இரண்டு பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்குகிறது. உள்ளே ஒன்றாகவில்லை என்றால் வெளியே பூசி ஆகப்போவது எதுவுமில்லை. வெட்டி எடுத்துப் புது கப்ளர் போட வேண்டியதுதான்.

ஏன் விட்டது என்று வெட்டிய துண்டைப் பாருங்கள். ஹாக்சா பிளேடில் கோணலாக வெட்டியிருக்கும், பிசிரைச் சுரண்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது யு.பி.வி.சி. பசையை எடுத்துப் பூசியிருப்பார்கள். சி.பி.வி.சி.க்கென்று போட்ட டப்பாவே வேண்டும், பெரும்பாலும் மஞ்சள் நிறப் பசை. பைப்பை ஒட்டும் முன் சும்மா சொருகிப் பாருங்கள். ஃபிட்டிங்கின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்குக்குள் பிடிக்க வேண்டும். பைப்பில் தாராளமாக, ஃபிட்டிங்குக்குள் மெல்லிசாகப் பூசி, சொருகிக் கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் பைப் பின்னுக்கு வரும். உள்ளே அள்ளிப் பூசினால் பசை குட்டையாகத் தேங்கிப் பைப்பின் சுவரையே தின்றுவிடும்.

ஈரத்தில் ஒட்டாது. தொட்டி வால்வை மூடி, கீழ்க் குழாய்களைத் திறந்து, லைன் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். பச்சைத் தண்ணீரைச் சில மணி நேரத்தில் விடலாம். வெந்நீரை மட்டும் மறுநாள்தான். முதல் இரண்டு வாளி பசை வாடை அடிக்கும், கொட்டிவிடுங்கள்.

பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது

சித்திரை மாதமாக இருந்தால் கீசரைச் சந்தேகிக்காதீர்கள், மாடித் தொட்டியே அப்போது கீசர்தான். மற்ற நாளில் வந்தால் கீசரின் உள்வரும் பக்கத்தில் ஒருவழி வால்வு இல்லை அல்லது வேலை செய்யவில்லை. சேஃப்டி வால்விலேயே அது சேர்ந்திருக்கும். சூடாகும்போது அந்த மூக்கு ஒரு சொட்டுகூட விடுவதில்லையா? அந்த ஒரு டம்ளர் பின்வாசல் வழியாகத் தொட்டியை நோக்கிப் போகிறது என்று அர்த்தம்.

வெந்நீர் கலப்பது மட்டும் அல்ல தொல்லை. குளிர் பக்கத்தில் யு.பி.வி.சி. ஓட்டியிருந்தால் அந்தச் சூடு அதை இளக்கும். ஆகவே கீசரை ஒட்டிய முதல் மூன்றடி குளிர் லைனையும் சி.பி.வி.சி.யிலேயே போடச் சொல்வேன். வால்வின் மேல் அம்புக்குறி கீசரை நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வால்வு சரியாகவே இருந்தும் கலக்கிறது என்றால், இரண்டு தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாயைப் பாருங்கள். ஷவர் முனையில் ஒரு அடைப்பானைப் போட்டு மூடிவிட்டு, மிக்சரின் இரு பிடியையும் திறந்தே விடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இரண்டு தண்ணீரும் உள்ளேயே கைகோத்துக்கொள்ளும்.

வெந்நீர் மட்டும் நூல் மாதிரி வருகிறது

புதிதாகப் பொருத்திய கீசர் என்றால் ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஷவர் வலையைக் கழற்றுங்கள்; டேப் துணுக்கும் பிளாஸ்டிக் தூளும் அங்கேதான் தஞ்சம் புகும். மிகுதியாகப் பூசிய பசை பைப்புக்குள் வளையமாக உறைந்திருந்தாலும் இப்படி ஆகும், அதற்கு வெட்டுவது தவிர வழியில்லை. நாளாக நாளாகக் குறைந்தது என்றால் உப்பு. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவைக்காரர்களுக்கு இது அவ்வளவாகப் புரியாது. போர் தண்ணீரை நம்பும் வீட்டில் கீசரின் வெளிவாயிலும் ஹோஸிலும் சுண்ணாம்பு படிந்து வாய் குறுகும். ஹோஸைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுப் பாருங்கள்.

வேகம் சரி, ஆனால் அரை வாளியிலேயே வெந்நீர் தீர்ந்துவிடுகிறது என்றால் இரண்டு ஹோஸும் இடம் மாறியிருக்கலாம். நீல வளையம் உள்வருவது, சிவப்பு வெளிப்போவது. மாறினால் பச்சைத் தண்ணீர் மேலே கொட்டிச் சூடான தண்ணீரோடு கலந்துவிடும்.

குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது

இதை மட்டும் நீங்களே பார்க்காதீர்கள். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பிளாஸ்டிக் பைப்தானே, எப்படி ஷாக் அடிக்கும் என்று கேட்பார்கள். காயில் கசிந்தால் மின்சாரம் பைப்பில் அல்ல, தண்ணீரில் வரும். ஜி.ஐ. பைப் இருந்த காலத்தில் அந்தக் கசிவு குழாய் வழியாகவே மண்ணுக்கு ஓரளவு இறங்கிவிடும். பிளாஸ்டிக்குக்கு மாறியதும் அந்தத் தற்செயலான பாதுகாப்பு போய்விட்டது. ஜி.ஐ. லைனை மாற்றி சி.பி.வி.சி. போட்டவர்கள் அதே கையோடு கீசர் பிளக்கின் எர்த் ஒயர் உண்மையில் எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போட வேண்டும்.

சுவரில் ஈரம் படர்கிறது

டைல்ஸை உடைக்கும் முன் இதைச் செய்யுங்கள். வெந்நீர் லைனுக்குத் தண்ணீர் கீசர் வழியாகத்தான் வருகிறது. கீசர் சுவிட்சை அணைத்து, மிக்சர் பிடிகளை இறுக்க மூடி, கீசருக்கு வரும் ஆங்கிள் காக்கையும் மூடிவிட்டு நாலைந்து நாள் விடுங்கள். ஈரம் காயத் தொடங்கினால் ஓட்டை வெந்நீர் லைனில் இருக்கிறது. காயவில்லை என்றால் குளிர் லைனோ வடிகாலோ. வெந்நீர் லைன்தான் என்றால் ப்ளம்பரிடம் கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு முனையை அடைத்து இன்னொரு முனையில் அழுத்தம் ஏற்றினால் முள் இறங்கும் வேகத்திலேயே ஓட்டையின் அளவு தெரியும். முதலில் உடைக்க வேண்டிய இடம் கீசர் பாயிண்டின் எல்போ. பத்தில் எட்டுத் தடவை நான் பார்த்தது அங்கேதான். உடைக்கப்போகும் டைல்ஸுக்கு மாற்று ஒன்று பரணில் இருக்கிறதா என்று அதற்கு முன்பே ஏறிப் பார்த்துவிடுங்கள்.